பொம்மைக் கை வார்ப்பு: விரல் நுனி வரவே மாட்டேன் என்கிறது

கேள்வி (மரப்பாச்சி): மகனின் ரோபோ பொம்மைக்கு ஒரு கை தொலைந்துவிட்டது. இருக்கிற கையைக் களிமண்ணில் பாதி புதைத்து, பிளாட்டினம் சிலிகான் (பிளாட்டினம் வினையூக்கியால் ரப்பராக இறுகும் திரவம்) ஊற்றி, இரண்டு பாக அச்சு செய்தேன். களிமண்ணைத் தொட்ட பக்கம் மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தது. சரி என்று துடைத்துவிட்டு பாலியூரித்தேன் ரெசின் (கெட்டியாகிப் பிளாஸ்டிக்காகும் திரவம்) ஊற்றினால், ஐந்து விரலும் மொட்டையாக வருகிறது.

ரெசின்கிறுக்கன்: சில வகைக் களிமண்ணில் கந்தகம் இருக்கும். அது பட்டால் பிளாட்டினம் சிலிகான் இறுகாது. கந்தகம் இல்லாத களிமண் வாங்குங்கள், இல்லையென்றால் டின் வகை (வெள்ளீய வினையூக்கியால் இறுகும்) சிலிகானுக்கு மாறுங்கள். எதுவானாலும் முதலில் களிமண்மேல் ஒரு சொட்டு சிலிகான் வைத்து இறுகுகிறதா பாருங்கள். நான் பாராமல் ஒரு கிலோவைக் குப்பையில் போட்டவன்.

விரல்கள் அச்சில் மேல் நோக்கியா இருக்கின்றன? காற்று அங்கேதான் சிக்குகிறது. விரல் கீழே வரும்படி கவிழ்த்து, தோள் பக்கமாக ஊற்றுங்கள். உள்ளே முகப்பவுடர் தூவி ஊதிவிட்டால் ரெசின் நுனிவரை ஓடும். ரெசினையும் ஈரம் படாமல் மூடி வையுங்கள். ஈரம் பட்டால் நுரைத்துவிடும்.

தகரடப்பா: குறுக்கே ஒரு சந்தேகம். இருப்பது இடது கையா? அப்படியென்றால் அச்சில் வருவதும் இடது கைதான்!

மரப்பாச்சி: ஐயோ, இடதுதான். கட்டைவிரல் வெளிப்பக்கம் நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். மகனிடம் காட்டினேன், ‘இதுவே நல்லா இருக்கு’ என்கிறான். அப்புறம் என்ன, விரலை மட்டும் சரிசெய்கிறேன்.