கம்பெனி எழுதிய விதிப்படி வேலை செய்தால் அது "கோ ஸ்லோ"வா?

கெடிலக்கரை:
கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஆபரேட்டர் நான். ஆலையின் பெயர் வேண்டாம். சம்பள ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, பேச்சுவார்த்தை நகரவே இல்லை. போன மாதம் சங்கத்தில் கூடிப் பேசி மூன்று முடிவு எடுத்தோம். ஓவர்டைம் பார்ப்பதில்லை. பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) கையில் வராமல் எந்தப் பராமரிப்பு வேலையிலும் கை வைப்பதில்லை. டேங்கர் இறக்கும்போது எஸ்ஓபியில் (கம்பெனி எழுதிவைத்த வேலைமுறை விதி) உள்ளபடி எர்த்திங் (மின் தரையிணைப்பு) பார்த்து, சாம்பிள் ரிப்போர்ட் வந்த பிறகுதான் வால்வைத் திறக்கிறோம். முன்பெல்லாம் ரிப்போர்ட் வருவதற்குள்ளேயே பாதி இறங்கியிருக்கும்.

உற்பத்தி குறைந்தது உண்மைதான். இப்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள்: இது கோ ஸ்லோ (வேண்டுமென்றே வேலையை மெதுவாக்குவது), நியாயமற்ற தொழில் நடைமுறை, 8 நாள் சம்பளம் பிடிக்கப்படும், ஒழுங்கு நடவடிக்கையும் வரும் என்று. அவர்கள் எழுதிக் கொடுத்து எங்களிடம் கையெழுத்து வாங்கிய விதிதானே அது? அதைக் கடைப்பிடிப்பது எப்படிக் குற்றமாகும்? பையன்கள் சிலர் "எல்லாரும் ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுவிடலாம், கேட்க முடியாது" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எச்ஆர்_புதுவை:
நான் எதிர்ப்பக்கத்து ஆள், சேதராப்பட்டில் மனிதவளத் துறை. அதனால் திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

விதி நேற்று முளைக்கவில்லை. இத்தனை வருடமும் இருந்தது. பேச்சுவார்த்தை முறிந்த மறுவாரம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பில் அக்கறை வந்தது என்றால் எந்த நடுவர் நம்புவார்? "வேண்டுமென்றே கோ ஸ்லோ" செய்வதும் தூண்டுவதும் நியாயமற்ற நடைமுறை என்று 1982 திருத்தத்தின்போதே தொழில் தகராறுகள் சட்டத்தில் எழுதிவிட்டார்கள், கெராவோவுடன் (அதிகாரிகளை முற்றுகையிடுவது) சேர்த்து ஒரே வரியில். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. அபராதம்தான் மாறியிருக்கிறது: குறைந்தது 10,000, அதிகபட்சம் 2 லட்சம். பழைய சட்டத்தில் 1,000 ரூபாய் வரை, அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பாரத் சுகர் மில்ஸ் வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதை மிகக் கேடான நடைமுறைகளுள் ஒன்று என்றது. வேலைநிறுத்தம் செய்பவனாவது சம்பளத்தை இழந்து போராடுகிறான். இதில் முழுச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டே முதலாளியை நஷ்டப்படுத்துவது. வேறென்ன சொல்வது இதை?

பழைய_மில்காரன்:
எச்ஆர் சார், ஒரே கேள்வி. சாம்பிள் ரிப்போர்ட் வருமுன் வால்வைத் திறந்த நாட்களில் நீங்கள் யாருக்காவது மெமோ கொடுத்ததுண்டா? கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் அப்படித் திறந்து ஏதாவது வெடித்திருந்தால் முதல் சார்ஜ் ஷீட் அந்த ஆபரேட்டருக்குத்தான், "எஸ்ஓபி மீறல்" என்று. அவசரத்துக்கு மீற வேண்டும், விபத்து நடந்தால் கடைப்பிடித்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் இது கதை இல்லை. 2020-ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒரு பாய்லர், ஜூலை 1 அன்று இன்னொரு பாய்லர் வெடித்தது. 2021 மே மாதம் இதே சிப்காட்டில் பூச்சிக்கொல்லி ஆலையில் விபத்து, உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் ஒரு தொழிலாளி பர்மிட் கேட்டால் அவன் மேல் சந்தேகமா?

நான் முதலியார்பேட்டைப் பக்கம் மில்லில் இருந்தவன். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் 12 மில் தொழிலாளர்கள் பிரெஞ்சு அரசின் குண்டுக்குச் செத்த ஊர் அது. 8 மணி நேர வேலை கேட்டதற்கு. அந்த 8 மணி நேரத்துக்கு மேல் வரமாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அது கேடான நடைமுறையாம்!

எச்ஆர்_புதுவை:
ஐயா, 1936-ஐ மதிக்கிறேன். ஆனால் இங்கே யாரும் யாரையும் சுடவில்லை. பிரிட்டனில் 1972-ல் ரயில் ஓட்டுநர்கள் இதே விதிப்படி வேலை உத்தியைத்தான் கையில் எடுத்தார்கள். விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, சேவையைக் குலைக்கும் நோக்கத்தோடு அதை அபத்தமாகக் கடைப்பிடித்தால் அதுவே ஒப்பந்த மீறல்தான் என்று அந்நாட்டு நீதிபதி டென்னிங் பிரபு தீர்ப்புச் சொன்னார். செயல் சரியாக இருந்தாலும் நோக்கம் பார்க்கப்படும்.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
இரண்டு பேரும் பாதிப் பாதி சொல்கிறீர்கள். நான் கடலூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளை நடத்துகிறவன், பெரும்பாலும் தொழிலாளி பக்கம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அந்த சி.எல். யோசனை. தம்பி, தயவுசெய்து வேண்டாம். முன்பு அதில் வாதாட இடம் இருந்தது. இப்போது ஒரே நாளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம் என்று தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எல்லாத் தொழிலுக்கும். அறிவிப்பில்லாமல் செய்தால் சட்டவிரோதம். 1,000 முதல் 10,000 வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அந்த 8 நாள் சம்பளப் பிடிப்பும் அப்போதுதான் நிஜமாகவே உங்கள் தலையில் விழும்.

அந்த 8 நாள் கணக்குக்கு வருகிறேன். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இப்போதைய ஊதியத் தொகுப்பிலும் அது வேலைக்கு வராததற்கான பிடித்தம். 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால் 8 நாள் வரை பிடிக்கலாம். உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு வேலை செய்ய மறுத்தாலும் வராததாகவே கணக்கு. நீங்கள் வருகிறீர்கள், வேலையும் செய்கிறீர்கள். ஆகவே நோட்டீஸில் அந்த வரி மிரட்டல்தான்.

கோ ஸ்லோ என்ற குற்றச்சாட்டு அப்படி லேசானது இல்லை. எச்ஆர் சொன்ன 1961 தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அது நிரூபணமானால் வேலையே போகலாம். வேலைநிறுத்தம் என்ற வரையறைக்குள் அது வருவதில்லை, அதனால் 14 நாள் அறிவிப்புச் சிக்கலும் இல்லை. 2021-ல் பாதுகாப்புத் துறை ஆலைகளுக்கு ஓராண்டுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில்தான் வேலைநிறுத்தம் என்றால் கோ ஸ்லோவும் சேரும், ஓவர்டைம் மறுப்பும் சேரும் என்று எழுதினார்கள். தனியார் ஆலைக்கான தொகுப்பில் அப்படி எழுதவில்லை. ஆனால் வேலைநிறுத்தம் இல்லை என்பதாலேயே பாதுகாப்பு கிடைத்துவிடாது. முறையாக அறிவிப்புக் கொடுத்து நடக்கும் வேலைநிறுத்தத்துக்கு உள்ள அந்தஸ்துகூட கோ ஸ்லோவுக்கு இல்லை. இது பலருக்குப் புரிவதில்லை.

நிரூபிக்க வேண்டியது நிர்வாகம். உற்பத்தி குறைந்தது என்று ஒரு வரைபடத்தை நீட்டினால் போதாது. 1990-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொன்னது: உற்பத்தி முறை என்ன, அதன் கட்டங்கள் என்ன, எந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன பங்கு, எந்தப் பிரிவில் எந்த ஷிஃப்டில் எவ்வளவு குறைந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு உள்விசாரணை வேண்டும். அது முடிந்த பிறகுதான் விகிதப்படி சம்பளக் குறைப்பு பற்றிப் பேச முடியும். மூலப்பொருள் தாமதமா, கரண்ட் போனதா, ரியாக்டர் ரிப்பேரா, எல்லாம் அங்கே கேள்வியாக வரும்.

ஓவர்டைமில் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் கூடியிருக்கிறது. தொழில் பாதுகாப்புத் தொகுப்பு ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது, இரட்டைச் சம்பளத்தோடு. "எப்போது கூப்பிட்டாலும் வருவேன்" என்று நியமன உத்தரவில் ஒரு வரி இருக்கும், அதையே சம்மதம் என்பார்கள். வழக்கென்று வந்தால் சண்டை அந்த வரியில்தான்.

அப்புறம் டென்னிங். எச்ஆர் சார் அந்தத் தீர்ப்பில் ஒரு பத்தியை விட்டுவிட்டார். ஒப்பந்தத்துக்கு மேல் செய்ய யாரும் கடமைப்பட்டவர் அல்ல, நல்லெண்ணத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் வேண்டுமென்றே குறுக்கே நிற்கக்கூடாது என்பதுதான் அதன் முழு வடிவம். நம் ஊரில் அது கட்டுப்படுத்தும் தீர்ப்பும் இல்லை.

டிப்போ_டிரைவர்:
கடலூர்–புதுவை ரூட் ஓட்டுகிறவன். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொன்னது. பிரேக் பார்த்து, எல்லா நிறுத்தத்திலும் நின்று, ஓய்வும் எடுத்து ஓட்டினால் கடைசி சிங்கிள் (ஒருவழி நடை) அடிபடும். அரியாங்குப்பத்து நெரிசலுக்கு டைம் ஷெட்யூலில் இடமே இல்லை. சாதாரண நாளில் நாங்கள் சாப்பிடும் நேரத்தைத் தின்றுதான் அந்த டைம் நிற்கிறது. அதை நிறுத்தினால் "டிரைவர்கள் அடம்" என்று பயணிகளும் திட்டுவார்கள், டிப்போவிலும் மெமோ. நோக்கம் நோக்கம் என்கிறீர்களே, அந்த ஷெட்யூலைப் போட்டவரின் நோக்கத்தை யார் கேட்பது?

எச்ஆர்_புதுவை:
டிரைவர் அண்ணன் சொல்வது நியாயம், ஷெட்யூல் தப்பென்றால் ஷெட்யூலோடு சண்டை போடுங்கள். கெடிலக்கரையிடம் இரண்டு கேள்வி. ஷிஃப்ட் முடியும்போது ரிலீவர் (அடுத்த ஷிஃப்ட் ஆள்) வரவில்லை, ரியாக்டரில் பேட்ச் ஓடுகிறது. ஓவர்டைம் இல்லை என்று எழுந்து போய்விடுவீர்களா? இரண்டாவது, எஸ்ஓபியே இல்லாத பேக்கிங்கிலும் உற்பத்தி குறைந்திருக்கிறதா இல்லையா?

கெடிலக்கரை:
ரிலீவர் வராமல் யாரும் பேனலை விட்டு நகர்ந்ததில்லை. அது எங்கள் உயிரும்தான். பேக்கிங்கில்... ஆமாம், குறைந்திருக்கிறது. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம். சங்கம் சொல்லி அவர்கள் செய்யவில்லை, ஆனால் ஆதரவாக டிரம் நிரப்புவதை நிதானமாகச் செய்கிறார்கள். வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
இன்றைக்கே சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள். டேங்கரிலும் பர்மிட்டிலும் உங்களுக்குக் கம்பெனியின் காகிதமே சாட்சி. பேக்கிங்கில் ஒன்றும் இல்லை. அதுதான் சட்டம் சொல்லும் கோ ஸ்லோ, சுத்தமாக. விசாரணையில் நிர்வாகம் அதை முதலில் எடுத்து, டேங்கரையும் அதே சாயத்தில் முக்கும். தூண்டியவர் என்று சங்கச் செயலாளர் பெயர் வரும். போதாததற்கு ஒப்பந்தக்காரர் அந்தப் பிள்ளைகளை மறுநாளே மாற்றிவிடுவார். உங்களுக்குக் கிடைக்கும் விசாரணைகூட அவர்களுக்குக் கிடைக்காது.

பழைய_மில்காரன்:
வக்கீல் சார், சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒன்று பாருங்கள். நிர்வாகம் வேலைமுறையை மாற்ற 21 நாள் அறிவிப்புக் கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தை ஒரு வருடம் இழுத்தடிப்பதற்கு எந்த அபராதமும் இல்லை, பேச்சுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனாலும் "பேசினோம்" என்று கணக்கு. தொழிலாளி கையை நிதானமாக அசைத்தால் மட்டும் 2 லட்சம். நிதானமாகப் பேசுவதற்கும் ஒரு அட்டவணை போடலாமே.

எச்ஆர்_புதுவை:
போட்டிருக்கிறார்கள் ஐயா. நல்லெண்ணத்தோடு கூட்டுப் பேரம் பேச மறுப்பது முதலாளிக்கும் நியாயமற்ற நடைமுறைதான், சட்டத்தில் கோ ஸ்லோ இருக்கும் அதே அட்டவணை, அதே அபராதம்.

பழைய_மில்காரன்:
எத்தனை முதலாளி கட்டியிருக்கிறார் அதை? நான் பார்த்ததில்லை.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
கெடிலக்கரை, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சமரச அதிகாரியிடம் தகராறை எழுப்புங்கள். ஆனால் சமரசம் நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்ய முடியாது, அதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். பாதுகாப்புக் குறைகளைத் தனிக் கடிதமாக, சம்பளப் பேச்சைக் கலக்காமல், மேலாளருக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமையை போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் என்று சேர்த்தார்கள், புதிய தொகுப்பிலும் இருக்கிறது. சம்பளத்துக்காகப் பாதுகாப்பைப் பேசுகிறான் என்ற வாதத்துக்கு அந்தக் கடிதம்தான் பதில், ஒரு வருடம் முன்பே போட்டிருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஆலைக்குச் சான்று பெற்ற நிலையாணை (வேலை நிபந்தனை விதிகள்) உண்டா என்றும் பாருங்கள். இப்போது 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்குத்தான் கட்டாயம், பழைய சட்டத்தில் அது 100.

டேங்கர் லாக் புக், பர்மிட் ரிஜிஸ்டர் இரண்டும் எந்தத் தேதியில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று காட்டும். அது முக்கியம்.

எச்ஆர்_புதுவை:
லாக் புக் கம்பெனி ஆவணம். போனில் படம் எடுத்தால் அது தனி சார்ஜ் ஷீட், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
படம் எடுக்க வேண்டாம் தம்பி, அவர் சொல்வது சரி. விசாரணை வரட்டும், அந்தப் புத்தகத்தை அவர்களையே கொண்டுவரச் சொல்லி மனு போடுவோம். கொண்டுவந்தால் பழைய தேதிகளில் ரிப்போர்ட்டுக்கு முன்பே வால்வு திறந்த நேரமெல்லாம் அதில் இருக்கும்.

கெடிலக்கரை:
இருக்கிறது சார். சூப்பர்வைசர் கையெழுத்தோடு இருக்கிறது.