மையக்கருத்து கேட்டால் கதைச்சுருக்கம் எழுதுகிறார்கள், என்ன செய்வது?

மாலை வகுப்பு:
பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உவமை எது, உருவகம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ கவிதைக்கு மையக்கருத்து எழுதச் சொன்னால் மட்டும், “ஒருவர் காட்டுக்குப் போனார், இரண்டு பாதைகள் இருந்தன, ஒன்றில் நடந்தார்” என்று முடித்துவிடுகிறார்கள். சற்றுக் கெட்டிக்காரர்கள், “துணிச்சலாகத் தனி வழியில் போ என்று கவிஞர் அறிவுரை கூறுகிறார்” என்கிறார்கள். இதற்கு முழு மதிப்பெண் போடலாமா?

சிவப்பு மை:
போடாதீர்கள். அந்தத் துணிச்சல் நோட்ஸ் புத்தகங்களில் இருக்கிறது, கவிதையில் இல்லை. நடுவில் உள்ள இரண்டு பத்திகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன, அன்று காலை இரண்டிலும் இலைகள் மிதிபடாமல் கிடந்தன என்று அந்த மனிதரே சொல்கிறார். கடைசிப் பத்தியிலோ, வெகுகாலம் கழித்து ஒரு பெருமூச்சோடு, “ஆள் குறைவாகப் போன வழியில் போனேன்” என்று தான் சொல்லப்போவதாகச் சொல்கிறார். கண்டது ஒன்று, சொல்லப்போவது வேறு. இந்த முரண்பாட்டைப் பிள்ளைகளே பிடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. வாத்தியார்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது!

இது 1915இல் வெளிவந்த கவிதை. எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று வருந்தும் நண்பர் எட்வர்ட் தாமஸைக் கேலி செய்து ஃப்ராஸ்ட் எழுதியது. இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். பிறகு பிள்ளைகள் கவிதையைப் படிக்க மாட்டார்கள்.

அடுத்தது பத்தி எழுதுவது. முதல் வாக்கியத்தை யாராவது மறுத்துப் பேச முடிய வேண்டும். “இக்கவிதை இரண்டு பாதைகளைப் பற்றியது” என்பதை யார் மறுப்பார்கள்? “தற்செயலாகத் தேர்ந்ததற்குப் பின்னாளில் காரணம் கற்பித்துக்கொள்ளும் ஒருவரை இக்கவிதை காட்டுகிறது” என்று எழுதினால் பக்கத்துப் பெஞ்சிலிருந்து எதிர்ப்பு வரும். எதிர்ப்பு வந்தால்தான் வரியை மேற்கோள் காட்டும் தேவை வரும். பெருமூச்சு நிம்மதியா, வருத்தமா என்பதை மட்டும் வைத்தே அரை மணி நேரம் ஓட்டலாம்.

இரு பிள்ளைகளின் அம்மா:
ஐயா சொல்வது சரிதான், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைக்கவே திணறும் பிள்ளை எதிர்வாதம் எங்கே செய்யும்? என் மகள் முதலில் தமிழில் பேசித் தீர்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறாள். அதற்கு இடம் கொடுங்கள்.

சிவப்பு மை:
தாராளமாக, அம்மா. யோசனை எந்த மொழியில் வந்தாலும் எனக்குச் சம்மதம். மேற்கோள் மட்டும் கவிதையில் உள்ளபடியே இருக்கட்டும்.

மாலை வகுப்பு:
நன்றி. எல்லாவற்றுக்கும் “கவிஞர் கூறுகிறார்” என்று தொடங்குகிறார்களே, அதற்கு என்ன வழி?

சிவப்பு மை:
ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ (1842) கொடுங்கள். இறந்த மனைவியின் ஓவியத்தைக் காட்டி ஒரு பிரபு பேசுகிறார்: தான் ஆணையிட்டதாகவும் அவளுடைய புன்னகைகள் எல்லாம் ஒருசேர நின்றுபோனதாகவும். “கவிஞர் கூறுகிறார்” என்று எழுதிய பிள்ளையிடம், “அப்படியானால் பிரௌனிங் மனைவியைக் கொன்றாரா?” என்று கேளுங்கள். அடுத்த தாளில் “பேசுபவர்” என்று எழுதும். ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஜானதன் ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய அங்கதக் கட்டுரையை அதற்குப் பிறகு எடுங்கள். முதலிலேயே கொடுத்தால் பாதி வகுப்பு அதை உண்மை என்று நம்பிவிடும்.