தராசு காட்டுவது எதை?

யாழினி: சித்தப்பா, டிஜிட்டல் தராசு காட்டுறது நிறையா எடையா? புக்ல எடைக்கு நியூட்டன்னு போட்டிருக்கு, தராசுல கிராம் வருது 🤔

செல்வம் சித்தப்பா: அது உணர்றது அமுக்குற விசையை மட்டும்தான், அதாவது எடை. 1 கிலோ நிறைக்கு பூமியில சுமார் 9.8 நியூட்டன். அதைத் திருப்பி கிலோவாக் காட்டுற மாதிரி செட் பண்ணியிருக்காங்க.

மீனா அத்தை: அதான் நுணுக்கமான தராசை தூரமா வேற ஊருக்குக் கொண்டுபோனா எடைக்கல் வச்சு திரும்ப செட் பண்ணணும். நிலநடுக்கோட்டுல 9.78, துருவத்துல 9.83. கிலோவுக்கு 5 கிராம் வரைக்கும் இடிக்கும்.

செல்வம் சித்தப்பா: ரெண்டு தட்டு தராசுக்கு அந்தத் தொல்லை இல்ல. நிலாவுக்கே போனாலும் 1 கிலோ கல்லுக்கு 1 கிலோதான்.

யாழினி: சரி. இப்ப ஒரு கோணல்மாணலான உலோகத் துண்டுக்கு அடர்த்தி வேணும். அளவு ஜாடியில 10 மில்லிக்கு ஒரு கோடுதான் இருக்கு.

மீனா அத்தை: ஜாடியை விடு, தராசே போதும். முதல்ல துண்டை ஈரமில்லாம நிறுத்து எழுதிக்கோ. டம்ளர்ல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு, டேர் பட்டனை அமுக்கி 0 ஆக்கு. துண்டை மெல்லிசு நூல்ல கட்டி, கையில பிடிச்சபடியே முழுசா முக்கு. அடியில, பக்கத்துல எங்கேயும் இடிக்கக்கூடாது. இப்ப காட்டுற கிராம்தான் மில்லியில கன அளவு.

யாழினி: பாரம் என் கையிலதானே இருக்கு, தராசு ஏன் ஏறணும்?

செல்வம் சித்தப்பா: தண்ணி துண்டை மேல தள்ளுது, துண்டு அதே விசையில தண்ணியைக் கீழ அமுக்குது. அந்த விசை, துண்டு விலக்கின தண்ணியோட எடைக்குச் சமம். 1 மில்லி தண்ணி 1 கிராம்ங்கிறதால கணக்கு நேரா வந்துடுது.

யாழினி: வெளியே 241, தண்ணியில 27. வகுத்தா 8.93!

மீனா அத்தை: செம்பு 8.96. ஆனா அவசரப்படாதே. 1 கிராம் தராசுல 27னா 26.5ல இருந்து 27.5 வரை எதுவும் இருக்கலாம். அப்ப அடர்த்தி 8.76 – 9.09. பித்தளை 8.4 – 8.7, அதனால அது அடிபட்டுப்போச்சு. வெண்கலம் சிலது 8.8 தாண்டும், அதை நிறத்தை வச்சுதான் பிரிக்கணும்.

செல்வம் சித்தப்பா: குமிழி ஒட்டியிருக்கான்னு பாத்தியா? ஒட்டினா கன அளவு கூடி அடர்த்தி குறைஞ்சு வரும். லேசா ஆட்டி விடு. அடியில தட்டினா இன்னும் மோசம், உலோகத்தோட பாரமும் சேர்ந்துக்கும்.

பாலு மாமா: எண்ணெய் தண்ணியைவிட திக்கா இருக்கே, அப்ப அடர்த்தியும் ஜாஸ்திதானே?

மீனா அத்தை: இல்லண்ணா, அது குழகுழப்பு, அதுக்கும் அடர்த்திக்கும் சம்பந்தமில்ல. சமையல் எண்ணெய் சுமார் 0.92, அதான் மிதக்குது.

யாழினி: மிதக்குற மரத்துண்டுக்கு அத்தை?

மீனா அத்தை: நூலுக்குப் பதிலா ஊசி முனையால அமுக்கி முழுகடி. படிக்கிறதைச் சட்டுனு படிச்சுடு, மரம் தண்ணி குடிச்சா நம்பர் இறங்கிட்டே இருக்கும்.