மான்ஸ்ஃபீல்டில் லாராவின் வீடு

சென்ற ஆண்டு கோடையில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு வேலையாகக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் மான்ஸ்ஃபீல்டு இருப்பதை அறிந்ததும், லாரா இங்கல்ஸ் வைல்டரின் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பவே கூடாது என்று என் பத்து வயது மகள் பிடிவாதமாக நின்றுவிட்டாள். தம் சிறுவயதுக் குடும்ப வாழ்க்கையை வைத்து அவர் குழந்தைகளுக்காக எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' நூல்களை இரவுதோறும் அவளுக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். ஆகவே மறுக்கவும் வாய்ப்பில்லை.

லாராவின் தந்தை சார்லஸ் இங்கல்ஸ் வாசித்த பிடில்தான் அங்கே எல்லோரும் தேடிச் செல்லும் பொருள். என்னை நிறுத்தி வைத்ததோ ஒரு சிறிய எழுதுபெட்டி. 1894-இல் லாராவும் கணவர் அல்மான்சோவும் ஏழு வயது மகள் ரோஸுடன் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட்டிலிருந்து குதிரை வண்டியில் ஒன்றரை மாதம் பயணம் செய்து இவ்வூருக்கு வந்தபோது, நிலம் வாங்குவதற்கான 100 டாலர் நோட்டை இந்தப் பெட்டிக்குள்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். வாங்க வேண்டிய நேரத்தில் நோட்டைக் காணவில்லை. சில நாள்கள் தவித்த பிறகு, அது பெட்டியின் இடுக்கில் நழுவிக் கிடந்தது தெரிந்தது. அந்தச் சிறு இடுக்கில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே சிக்கிக்கொண்டிருந்தது.

மலிவான பள்ளிக் குறிப்பேடுகளில் பென்சிலால் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகளையும் பார்த்தோம். முதல் நூல் 1932-இல் வெளிவந்தபோது லாராவுக்கு வயது 65. அதுவரை கோழி வளர்த்து, பண்ணை இதழில் கட்டுரை எழுதிய பெண்மணி அவர்.

லாராவின் சிறுவயதில் அவர் குடும்பம் கான்சஸில் வீடு கட்டியது ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில் அல்லவா என்று மகள் கேட்டாள். ஆம் என்றேன். அந்நூல்களில் பூர்வகுடிகளும் கறுப்பினத்தவரும் சித்திரிக்கப்பட்ட விதம் காரணமாக, 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு, லாராவின் பெயரில் வழங்கிவந்த விருதின் பெயரையே மாற்றியதையும் சொன்னேன். நூல்களின் மீது அவளுக்குள்ள பிரியம் அதனால் குறையவில்லை. ஆனால் கேள்விகள் கூடியிருக்கின்றன, அது நல்லதே.

லாராவும் அல்மான்சோவும் வாழ்ந்த பண்ணை வீட்டின் சமையலறையில் மேடைகள் எல்லாம் தாழ்வாக இருக்கின்றன. ஐந்து அடிக்கும் குறைவான உயரமுடைய லாராவுக்காக அல்மான்சோ அவ்வாறு அமைத்தாராம். என் மாமியார் வீட்டு மேடை எனக்கு எட்டாமல் பல ஆண்டுகள் பலகை போட்டு நின்று சமைத்தவள் என்பதால், அல்மான்சோ மீது எனக்குத் தனி மரியாதை பிறந்தது.

செல்பவர்கள், பெற்றோருக்காக ரோஸ் 1928-இல் கட்டிக்கொடுத்த கல்வீட்டை விட்டுவிடாதீர்கள். அது பண்ணை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் பலர் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள்; முதல் நூல்கள் எழுதப்பட்டதோ அங்கேதான்.