மணல் வண்டியும் குத்தகை நிலமும்: தனிச் சட்டம் எப்போது முந்தும்?

திருவையாற்று வழக்கறிஞர்:
கொள்ளிடக்கரை ஊர்களிலிருந்து மணல் வழக்கோடு வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே கேட்கிறார்கள்: "கனிமத்துக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறதே சார், போலீஸ் எப்படித் திருட்டு வழக்குப் போடலாம்?" டிராக்டர் உரிமையாளர் ஒருவர் கொண்டுவந்த எஃப்.ஐ.ஆர். நகல், மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது. அதில் 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டமும் இருந்தது, 2024 ஜூலை வரை நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவும், அதாவது திருட்டும், இருந்தது. கனிமச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். அந்தப் புகார் இல்லாததால் திருட்டு வழக்கும் நிற்காது என்று யாரோ அவருக்கு நம்பிக்கை கொடுத்திருந்தார்கள்.

டெல்லி, குஜராத் உயர் நீதிமன்றங்களே இதில் மாறுபட்டன. 2014இல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அனுமதியின்றித் தோண்டுவது ஒரு குற்றம்; அரசின் சொத்தான மணலை நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வது வேறு குற்றம். இரண்டையும் நிரூபிக்க வேண்டிய கூறுகள் வேறு என்பதால் அங்கே முரண்பாடே இல்லை. முரண்பாடு இருந்தால்தானே எது முந்தும் என்ற கேள்வி எழும்? அலுவலர் புகார் எழுதாத ஒரே காரணத்தால் ஆற்றைச் சுரண்டியவர் தப்பக் கூடாது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

உணவுக் கலப்படத்தில் கதை வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவு மற்ற சட்டங்களுக்கு மேலாகத் தன்னை வைத்திருக்கிறது. அதனால் அதே பழைய தண்டனைச் சட்டத்தில் உணவுக் கலப்படத்துக்கு இருந்த 272, 273ஆம் பிரிவுகளைக் கூடவே சேர்க்க முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி:
ஐயா, எங்களுக்குத் தனிச் சட்டம்தான் கைகொடுத்தது. அப்பா காலத்திலிருந்து குத்தகைச் சாகுபடி. நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி நிலக்காரர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். உரிமையியல் வழக்கு எதையும் அந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்பது அவர் வக்கீலின் வாதம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவே, வேறு சட்டம் தடுத்த வழக்குகளை விலக்கிவிடுகிறது என்றார் எங்கள் வக்கீல். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து சிவில் கோர்ட்டைத் தடுக்கிற 6ஆம் பிரிவையும், குத்தகைதாரர் மேல் போட்ட வழக்கை வருவாய் நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்கிற 6-ஏ பிரிவையும் வாசித்தார். நாங்கள் சாகுபடிக் குத்தகைதாரர்தானா என்பதில்தான் விசாரணை முழுதும் நின்றது. குத்தகைப் பதிவேட்டு நகலையும், அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த நெல் அளந்த ரசீதுகளையும் கொடுத்தோம். சில சீட்டுகளைச் செல்லரித்திருந்தது. கையெழுத்து மட்டும் தெரிந்தது. வழக்கு வருவாய் நீதிமன்றத்துக்கு மாறியது. இப்போது குத்தகை பாக்கி என்கிறார்கள்.

திருவையாற்று வழக்கறிஞர்:
தம்பி, பாக்கி என்றதும் வெளியேற்றிவிட முடியாது. சூழ்நிலையைப் பார்த்துப் பணம் கட்ட அவகாசம் கொடுக்க அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அவகாசம் கொடுத்தால் அந்தத் தேதிக்குள் கட்டிவிடுங்கள். தவறினால் வெளியேற்ற உத்தரவு வரும். செல்லரித்த சீட்டுகளையும் விடாமல் நகலெடுத்துத் தாக்கல் செய்யுங்கள்.