மறு: மாறுமீன் ‘வெடிப்பா’, ‘பொங்கா’?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தொடங்கிவைத்த தங்கைக்கு, மாறுமீன்கள் (வெளிச்சம் ஏறி இறங்கும் விண்மீன்கள்) பற்றிய கையேட்டை அச்சுக்கு அனுப்பும் அவசரம். அவர் கேட்டது ஒரே ஒரு வரிக்கு:

> “எஸ்.எஸ். சிக்னி சராசரியாக ஏழு வாரத்துக்கு ஒருமுறை அவுட்பர்ஸ்ட் ஆகும்.” இந்த அவுட்பர்ஸ்டுக்குத் தமிழ் என்ன?

அதற்குப் புலவர் ஐயா சொன்ன விடை:

> வெடிப்பு என்று போட்டுவிடுங்கள். சூப்பர்நோவாவை மீயொளிர் விண்மீன் வெடிப்பு என்கிறோம். நோவாவும் வெடிப்பு, இதுவும் வெடிப்பு. பெரிய, சிறிய என்று முன்னால் ஓர் அடை சேர்த்தால் தீர்ந்தது.

ஐயா, உங்கள் இலக்கணத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த மீனை நான் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். அது வெடிப்பதில்லை.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ். சிக்னி அன்ன மண்டலத்தில் இருக்கிறது. அந்த மண்டலத்தின் பளிச்சென்ற மீனான டெனெபிலிருந்து கையை நீட்டி அளந்தால் கிழக்கே அரைச் சாண். சாதாரண நாளில் அதன் பொலிவெண் (வெளிச்சத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) 12. என் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் அது தெரிய நிலா இருக்கக்கூடாது, பக்கத்து வீட்டு மாடி விளக்கும் எரியக்கூடாது. அப்போதும் நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால்தான் இருப்பது போலத் தோன்றும்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பதினெட்டு நாள் வானமே இல்லை. மேகம் கலைந்த முதல் இரவு, மாடித் தரை இன்னும் ஈரம், தொலைநோக்கியின் அடியில் சாக்கை விரித்துப் போட்டுக் கண்ணை வைத்தேன். வழக்கமான மீன்களுக்கு நடுவே ஒன்று கூடுதலாக, தேட வேண்டிய தேவையே இல்லாமல் நின்றது. விண்மீன் படத்தை எடுத்துச் சிவப்பு விளக்கில் சரிபார்த்தேன். (இந்தப் படங்களில் 8.5 என்பதை 85 என்று அச்சிட்டிருப்பார்கள். புள்ளி வைத்தால் அதையும் ஒரு மீன் என்று எண்ணிவிடுவோம் என்பதால். இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) பொலிவெண் தெரிந்த ஒப்பு மீன்கள் இரண்டுக்கு நடுவே வைத்து மதிப்பிட்டேன்: 8.6. பன்னிரண்டிலிருந்து 8.6க்கு வருவது என்றால் ஏறக்குறைய 23 மடங்கு வெளிச்சம். மறுநாளும் ஏறக்குறைய அதே அளவு. பத்து நாளில் பத்தரைக்கு இறங்கியது. கார்த்திகை விளக்கு வைத்த வாரத்தில் பார்த்தால் பழைய இடத்தில் பழைய மங்கலோடு உட்கார்ந்திருந்தது.

இதில் வெடித்தது எது?

தமிழில் வெடி என்றால் அதற்குப் பிறகு பொருள் பழையபடி இருக்காது. பட்டாசு வெடிக்கும், பருத்திக்காய் வெடிக்கும், தண்ணீரில்லாத கண்மாய் வெடிக்கும். வெடித்த பருத்திக்காய் மறுபடி மூடிக்கொண்டு ஏழு வாரம் கழித்து இன்னொரு தடவை வெடித்ததாக யாரும் சொன்னதில்லை. எஸ்.எஸ். சிக்னியை 1896இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் லூயிசா வெல்ஸ் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் எண்ணூறு தடவைக்கு மேல் இப்படி ஏறி இறங்கியிருக்கிறது. நான்கு வாரத்திலும் வரும், பத்து வாரமும் இழுக்கும். ஏழு என்பது சராசரிதான்.

உள்ளே நடப்பதும் வெடிப்பு இல்லை. இரண்டு மீன்கள் ஆறரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றுகின்றன. ஒன்று வெண்குறுமீன், எரிந்து முடிந்து சுருங்கிப்போன மீன். மற்றொன்றிலிருந்து வளி (வாயு) வழிந்து, வெண்குறுமீனைச் சுற்றி ஒரு வட்டாகச் சேர்கிறது. சேரச் சேர வட்டு சூடேறுகிறது. ஹைட்ரஜன் அயனியாகும் வெப்பம் வந்ததும் வட்டுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்கிறது, வட்டின் பிசுபிசுப்பு கூடுகிறது, அதுவரை தேங்கியிருந்த வளி மளமளவென்று உள்நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவின் ஆற்றல்தான் நாம் பார்க்கும் வெளிச்சம். அணுக்கரு எரிவது கிடையாது, எதுவும் சிதறிப் போவதும் கிடையாது. சேர்ந்தது தீர்ந்ததும் வட்டு குளிர்ந்து மறுபடி சேர்க்கத் தொடங்கும்.

நோவா வேறு கதை. அங்கே வெண்குறுமீனின் மேற்பரப்பில் படிந்த ஹைட்ரஜன் அடுக்கு அணுக்கருப் பிணைவில் பற்றிக்கொண்டு தூக்கி எறியப்படுகிறது. அதை வெடிப்பு என்றால் எனக்குச் சம்மதம்தான், ஆனால் வெடிப்பது மேலடுக்கு, மீன் இல்லை. வடமகுட மண்டலத்து ‘டி’ மீன் 1866இல் ஒரு தடவை, 1946இல் ஒரு தடவை இப்படிப் பொலிவெண் 10இலிருந்து 2க்கு வந்தது. அடுத்தது எப்போது என்று 2024இலிருந்து ஊரே காத்திருக்கிறது. செய்திகளில் ‘நட்சத்திரம் வெடிக்கப்போகிறது’ என்று வந்ததும் என் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டு, “நம்ம பக்கம் ஏதும் விழுமாடா?” என்று கேட்டார். மூவாயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, எண்பது வருடத்துக்கு ஒருமுறை தோலை உரித்துப் போடுகிற மீன் அத்தை, என்றேன். “அப்ப பாம்புன்னு சொல்லு” என்றார். வெடிப்பு என்ற சொல் அத்தை தலையில் என்ன படத்தை வரைகிறதோ, கையேட்டை வாங்கும் பள்ளிப் பிள்ளை தலையிலும் அதையேதான் வரையும்.

சூப்பர்நோவாவுக்கு வெடிப்பு முற்றிலும் தகும். சந்திரசேகர் வரம்பை, சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையை, நெருங்கிய வெண்குறுமீன் முழுதாகச் சிதறுவது ஒரு வகை. பெருமீன் ஒன்றின் உள்ளகம் தன் எடை தாங்காமல் இடிந்து, மேலுள்ளது வெளியே பறப்பது இன்னொரு வகை. 1987 பிப்ரவரி 24இல் சிலி நாட்டின் லாஸ் கம்பானாசில் பெரிய மெகல்லன் முகில் என்ற அண்டை விண்மீன் திரளில் அப்படி ஒன்றைப் பார்த்தார்கள். அதே நாளில் நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற ஆர்வலரும் தனியாகக் கண்டுபிடித்தார். மாறுமீன்களை மதிப்பிடுவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் அவர். அந்த மீன் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து அடைமொழியால் பிரித்தால், படிப்பவர் இவை அளவில் மட்டும் வேறுபடுகின்றன என்று நினைப்பார். அது பிழை. பெரிய வெடிப்பு, சிறிய வெடிப்பு என்று சொல்லிச் சமாளிக்க முடியாது ஐயா.

சரி, அப்படியானால் என்ன சொல்? இழையில் வந்தவற்றில் ‘சீற்றம்’ என்னை யோசிக்க வைத்தது. கடல் சீற்றம் என்று தினமும் வானிலை அறிக்கையில் கேட்கிறோம், அடங்குவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் சீறுவது சட்டென்று நடப்பது, பாம்பும் பூனையும் செய்வது. யு.வி. சீட்டை போன்ற செங்குறுமீன்கள் (சிறிய, சிவந்த மீன்கள்) சில நொடிகளில் பளிச்சென்று ஏறிச் சில நிமிடங்களில் அடங்கும், அதை ஆங்கிலத்தில் ஃபிளேர் என்பார்கள். சீறல் அதற்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அங்கே வைத்துக்கொள்வோம், இங்கே செலவழிக்க வேண்டாம்.

‘ஒளிப்பெருக்கு’ நான் போன வருடம் முன்மொழிந்தது. ஆடிப்பெருக்கு மாதிரி, ஆற்றில் வருவதும் வடிவதும் சேர்ந்து கேட்கிறதே என்று பெருமைப்பட்டேன். ஒலிபெருக்கிக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், “ஒளியை எந்த விளக்குமாற்றால் பெருக்குவது?” என்று கேட்டார். அதோடு கைவிட்டேன். ஆனால் மங்குவதற்கு ‘வடிதல்’ என்பதை மட்டும் இன்னும் விட மனம் வரவில்லை.

இந்த இழை தொடங்கிய பிறகு என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். கலைச்சொல் உருவாக்கும் நினைப்பே இல்லாமல் இருட்டில் அவசரத்தில் கிறுக்கியவை. முதல் இரண்டு வருடம் ‘ஏறிடுச்சு’ என்று இருக்கிறது. அப்புறம் எந்த மாதத்தில் மாறியது என்றே தெரியவில்லை, ‘பொங்கியிருக்கு’, ‘இன்னும் பொங்கலை’ என்று வருகிறது. வெடித்தது என்று ஓர் இரவுகூட எழுதவில்லை.

பால் பொங்குவதை நினைத்துப் பாருங்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. மேலே ஆடை கட்டி, உள்ளே ஆவி சிக்கிக்கொண்டு, அப்புறம் ஒரே மூச்சில் விளிம்புவரை வரும். அடங்குவது நிதானமாக. எஸ்.எஸ். சிக்னியின் வேகமான ஏற்றம் ஒரு நாளில் முடிந்துவிடும், இறக்கம் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வட்டுக்குள் வெப்பம் சிக்குவதும் ஆடைக்கடியில் ஆவி சிக்குவதும் ஒன்று என்று சாதிக்க மாட்டேன், ஆனால் வகுப்பில் சொல்லிப் புரியவைக்க உதவும். சட்டியும் பாலும் அப்படியே இருக்கும், மறுநாளும் பொங்கும்.

ஐயா கட்டாயம் கேட்பீர்கள், பெயர்ச்சொல் என்ன என்று. பொங்கல் என்றால் தையும் வெண்பொங்கலும் வந்து நிற்கும், சிரித்துவிடுவார்கள். எனக்குப் ‘பொங்கு’ என்ற முதனிலையே பெயராகப் போதும் என்று படுகிறது. “ஒரு கொதி வந்ததும் இறக்கிடு” என்று அடுப்படியில் சொல்கிறோமே, அந்தக் ‘கொதி’ மாதிரி. ‘ஒரு பொங்கு’, ‘இரண்டு பொங்குக்கு இடையில்’, ‘பொங்கின் உச்சம்’. முதல் தடவை சொல்லும்போது காதுக்குப் புதிதாகத்தான் இருக்கும், பத்தாம் தடவை இருக்காது. தனியாக நிற்கக் கூச்சப்படும் இடத்தில் ‘ஒளிப்பொங்கு’ என்று எழுதலாம்.

நல்ல சொல்லா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை, அது குட்டி போடுகிறதா என்பது. பொங்காமல் கிடக்கும் காலம் ‘தணிநிலை’. எஸ்.யு. உர்சா மேஜோரிஸ் வகை மீன்களுக்குச் சாதாரணப் பொங்கு தவிர இரண்டு வாரம் நீடிக்கும் நீளமான ஒன்றும் உண்டு, அது ‘பெரும்பொங்கு’. இசட் கமலோபர்தாலிஸ் வகை இறங்கும் வழியில் பாதியில் நின்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், அது ‘தேக்கம்’. வெடிப்பை வைத்துக்கொண்டு ‘பெருவெடிப்பு’ என்று எழுதிப் பாருங்கள், அண்டம் பிறந்த கதையில் போய் முட்டும். இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

பெரும்பொங்கின்போது ஒளி வரைகோட்டில் (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் கோடு) சுற்றுக்கு ஒருமுறை சிறு மேடு ஒன்று எழும். வட்டு நீள்வட்டமாக இழுபட்டு மெல்லத் திரும்புவதால் வருவது. சுற்றுக்காலத்தைவிடச் சில விழுக்காடு நீண்ட இடைவெளியில் வரும். ஆங்கிலத்தில் சூப்பர்ஹம்ப். தங்கை அதை ‘மீக்கூன்’ என்று எழுதியிருக்கிறார். கூன் வேண்டாம் அம்மா, நம்மிடம் ‘திமில்’ இருக்கிறது. வாடிவாசல் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. ‘பெருந்திமில்’ என்று போடுங்கள். இதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பொலிவெண்ணுக்குப் ‘பருமன்’ என்று போடச் சொன்ன நண்பருக்கு: அது மீனின் உடல் அளவு என்று தோன்றும், வேண்டாம். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு என்று அந்த அளவுகோலை 1856இல் வரையறுத்த ஆங்கிலேய வானியலாளர் போக்சன் பின்னாளில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் முப்பது வருடம் இருந்தவர். அவர்கீழ் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் அங்கிருந்துதான் ரெட்டிக்குலம் மண்டலத்து ‘ஆர்’ மாறுமீனைக் கண்டுபிடித்தார். மாறுமீன் பார்ப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

எஸ்.எஸ். சிக்னி வகை மீன்களுக்குப் பெயர் ‘குறுநோவா’வா, ‘குறும்புதுமீனா’ என்ற கேள்விக்குத் தனி இழை தொடங்கலாம், இங்கே கலக்க வேண்டாம். ‘காணப்படவில்லை’ என்ற பதிவுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். “12.1ஐவிட மங்கல்” என்று எழுதுவதுதான் பார்வையாளர் வழக்கம். மீன் அங்கேயே இருக்கிறது, நம் கண்ணாடிக்குத்தான் எட்டவில்லை.

தங்கை, உங்கள் வரி என் கணக்கில் இப்படி வரும்: “எஸ்.எஸ். சிக்னி சராசரியாக ஏழு வாரத்துக்கு ஒருமுறை பொங்கும். ஒரு பொங்கு ஓரிரு வாரத்தில் வடியும்.” பால் எப்படி வடியும் என்று ஐயா கேட்டால், ‘அடங்கும்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
மொட்டைமாடிக்காரன்

பி.கு.: நேற்று 11.8. இன்னும் பொங்கலை.