நெஞ்சின் மேல் நடந்த யுத்தம்

பாளையங்கோட்டைக்காரன்:

எனக்கு அப்போது 16 வயது. விடியற்காலை மூன்று மணி இருக்கும். கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. கதவோரம் கறுப்பாக ஏதோ நிற்கிறது. மெல்ல வந்து நெஞ்சின் மேல் உட்காருகிறது. "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று சொல்லப் பார்த்தால் குரலே எழும்பவில்லை. அரை நிமிடமோ ஐந்து நிமிடமோ, சட்டென்று விட்டது. பனியன் முழுக்க வியர்வை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா சி.எஸ்.ஐ. கோயிலை விட்டுவிட்டு, மொட்டைமாடிக் கொட்டகையில் நடந்த ஒரு சபைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அங்கிருந்த ஊழியக்காரர் விஷயத்தைக் கேட்டதும், "தம்பி, உன் ஆத்துமாவுக்காக ரெண்டு சேனை மோதுது. நீ ஜெபிச்சாத்தான் மிகாவேலுக்குப் பலம்" என்றார். மிகாவேல் என்றால் தேவதூதர்களின் தலைவன். தானியேல் 10-ஐத் திறந்து காட்டினார். பெர்சியாவின் அதிபதி 21 நாள் தூதனை மறித்து நின்ற இடம். ஆகவே எனக்கும் 21 நாள் உபவாசம், அதோடு வெள்ளிதோறும் முழு இரவு ஜெபம்.

மாதம் ஒருமுறை வந்த அமுக்கம் வாரம் ஒருமுறை ஆனது. கேட்டால், "பிசாசு கோபமா இருக்கான், யுத்தம் உச்சத்துல இருக்கு." குறைந்திருந்தால் ஜெயம் என்றிருப்பார். எப்படி விழுந்தாலும் தாயம்தான்.

அப்புறம் சென்னையில் ஹாஸ்டல். மதுரைப் பக்கத்து அறைத்தோழன் ஒரே வரியில் முடித்தான்: "அமுக்குவான் பேய்டா. எங்க அப்பத்தா தலைமாட்டுல இரும்பு வைக்கும். மல்லாந்து படுக்காத." அந்தக் கடைசி வாக்கியம் மருத்துவம் என்பது பிறகு ஒரு டாக்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கனவு வரும் தூக்கத்தில் உடம்பு தன் தசைகளைப் பூட்டி வைக்குமாம். பூட்டு திறக்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும், பாதிக் கனவு அறைக்குள்ளேயே நிற்கும். தூக்கம் கெட்டாலும் மல்லாந்து படுத்தாலும் கூடும். முழு இரவு ஜெபம் எதற்குத் தீனி போட்டிருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு வேதாகமத்தை வேறு கண்ணோடு வாசித்தேன். உலகம் உண்டாகும் முன்பே, பின்னால் பிசாசான லூசிபர் என்ற தூதன் கலகம் செய்து போர் நடந்தது என்றுதான் ஞாயிறு பள்ளியில் கேட்டிருந்தேன். வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் "வானத்திலே யுத்தமுண்டாயிற்று" என்பது ஏழாம் வசனம். கிறிஸ்துவைக் குறிக்கும் பிள்ளை பிறந்து தேவனிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ஐந்தாம் வசனம். வாசிக்கிற வரிசையில் யுத்தம் கிறிஸ்துவுக்குப் பின்னால் வருகிறது, ஆதாமுக்கு முன்னால் அல்ல. லூசிபர் என்ற பெயரே நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கிடையாது. ஏசாயா 14:12-இல் இருப்பது "விடிவெள்ளி". அதுவும் பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாட்டு என்று நாலாம் வசனமே சொல்லிவிடுகிறது. விடிவெள்ளிக்கு லத்தீனில் இட்ட சொல் பிற்பாடு பிசாசின் பெயராகிவிட்டது. நாம் மனதில் ஓட்டும் அந்தப் பெரிய போர்க்காட்சியில் பாதிக்கு மேல் 1667-இல் வெளிவந்த ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்துக்குச் சொந்தம். அதில் கலகக்காரத் தூதர்கள் பீரங்கி கூடச் சுடுவார்கள்!

யோபுவில் சாத்தான் தேவபுத்திரரோடு வந்து நிற்கிறான், ஆண்டவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறான். போருக்கு வந்தவன் எதிரியிடமா அனுமதி கேட்பான்?

கடற்கரை ஊர்க்காரி:

நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் மிகாவேல் என்பவரை நாங்கள் மிக்கேல் என்போம். எங்கள் கோயிலில் அதிதூதர் மிக்கேல் சுரூபம் (சிலை) உண்டு, காலடியில் பசாசு, ஓங்கிய ஈட்டி. சின்ன வயதில் எனக்குப் பசாசைப் பார்த்துப் பயமில்லை. இத்தனை வருஷமாக இவர் ஏன் இன்னும் குத்தவில்லை என்பதுதான் சந்தேகம். பாட்டியிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கினேன். 13-ஆம் சிங்கராயர் (லியோ) பாப்பு, அதாவது போப், 1886-இல் கொடுத்த மிக்கேல் செபம் பாட்டிக்குத் தலைகீழ்ப் பாடம். பூசை முடிவில் அதைச் சொல்வது 1965-இல் நின்றுபோனது, பாட்டி நிறுத்தவில்லை.

அதெல்லாம் சும்மா. சொல்ல வந்தது என் சித்தியைப் பற்றி. அவருக்குக் குரல்கள் கேட்கும். மாத்திரையில் நன்றாகவே இருந்தார். யாரோ ஒரு செபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே, "ஒரு குரல் சம்மனசு (தேவதூதர்), இன்னொன்று பசாசு, எதைக் கேட்பது என்று நீயே தீர்மானி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குரல் கேட்கிறது என்று வந்தவளிடம்! மூன்று மாதம் மாத்திரை இல்லை. நாலாம் மாதம் கிணற்றடியிலிருந்து தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது பரவாயில்லை. ஆனால் கோயிலுக்குள் வரமாட்டேன் என்கிறார், சுரூபத்தைப் பார்த்தால் நடுக்கம்.

ஜெபவீரன்:

ரெண்டு பேரும் மன்னிக்கணும். எபேசியர் 6:12 என்ன சொல்லுது? நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல. நான் 11 வருஷம் குடித்தவன். டாக்டர், மனைவி, மாமனார் யார் சொல்லியும் விடவில்லை. எதிரே ஒருத்தன் நிற்கிறான், அவனை அடிக்கணும் என்று தெரிந்த பிறகுதான் விட்டேன். பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகம். உங்களுக்கு அது தூக்கக் கோளாறாக இருக்கட்டும். எனக்கு யுத்தம்தான்.

பாளையங்கோட்டைக்காரன்:

பிரதர், நீங்கள் குடியை விட்டதில் உண்மையிலேயே சந்தோஷம். அந்த முகம் உங்களுக்கு உதவியது என்றால் அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே அதிகாரத்தைக் கீழே வாசியுங்கள்: சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சணியம், தேவவசனம். சர்வாயுதவர்க்கத்தில், அதாவது தேவன் தரும் போர்க்கவசத்தில், இருப்பது இவைதான். தூதர் பேச்சே அங்கே இல்லை, அவர்களுக்கு நாம் பலம் கொடுக்கவேண்டும் என்றும் இல்லை. 16 வயதுப் பையன் தூங்கினால் மிகாவேல் தோற்றுவிடுவார் என்று சொன்னார்களே, அதைத்தான் கேட்கிறேன். அக்காவின் சித்தி கிணற்றடி வரை போனாரே, அதையும்.

எனக்கு இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை அமுக்கும். அதே கதவோரம், அதே கறுப்பு. பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கால் கட்டைவிரலை அசைக்கப் பார்ப்பேன். அது அசைந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன். அம்மாவிடம் மட்டும் சொல்வதில்லை. சொன்னால் 21 நாள் உபவாசம் இருப்பார், அவருக்குச் சுகர்.